அரசாணையும் ஸ்டூலும்

கிணத்துக்கடவு மேம்பாலத்துக்குக் கீழே ஓடும் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஆறு பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஆர்டர் பட்டறை. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் நிற்கிற லேத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூல். கடையில் வாங்கியதில்லை. பழைய சைக்கிள் சீட்டைக் குழாயின் தலையில் மாட்டி, அந்தக் குழாயை இன்னொரு பெரிய குழாய்க்குள் இறக்கி, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு போல்ட் வைத்துப் பட்டறையிலேயே வெல்டிங் அடித்தது. சக்குக்கு நேராக வளைகழுத்து எல்இடி விளக்கு ஒன்று. கால் வைக்கிற இடத்தில், பார்சல் பெட்டியை உடைத்துப் போட்ட மரப்பலகை.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 67 வயது. ஓனருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். இன்றைக்கும் ஓனரைத் ‘தம்பி’ என்கிறார். ஓனர் அவரை ‘அண்ணா’ என்கிறார். ஸ்டூல் எப்போது வந்தது என்று கேட்டேன்.

“ரெண்டு வருசமாச்சுங்க. அண்ணன் நின்னுட்டே ஓட்டுனா மத்தியானத்துக்கு மேல அளவு தப்பிருதுங்க. பீஸ் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வருது. உக்காந்து ஓட்டுனா தப்பறதில்லீங்க,” என்றார் ஓனர். இரக்கம், மனிதாபிமானம் என்று ஒரு சொல்கூட வரவில்லை. முழுக்கக் கணக்குதான்.

இந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நான் வைத்துப் பார்க்க விரும்புவது ஒரு காகிதத்தை. 2020 மே 7 அன்று தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கி ஆணையிட்டது. ஊரடங்கில் மூடிக் கிடந்த டாஸ்மாக் கடைகள் திறந்த நாளும் அதுதான். அன்றைக்கு எந்தச் செய்தியைப் பற்றி அதிகம் பேசியிருப்போம் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 25 அன்று முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் விதி 110இன் கீழ் அதையே 60 என்று அறிவித்தார். அரசு ஊழியர், ஆசிரியர், பொதுத்துறை நிறுவனங்களில் இருப்போர் என்று எல்லோருக்கும் பத்து மாதத்துக்குள் இரண்டு வருட சர்வீஸ் கூடிவிட்டது. கொரோனாவில் கஜானா வற்றிக் கிடந்த நேரம். ஓய்வு பெறுகிறவருக்குக் கையில் கொடுக்க வேண்டிய பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் தள்ளிப்போகும் என்பதே காரணமாகப் பரவலாகப் பேசப்பட்டது. வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

நான் பேச வருவது வேறு. 58 வயதில் ஒருவர் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு நிர்வாகம் ஒரு காலத்தில் முடிவு செய்ததற்கு, உடம்பும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அந்த எல்லையை 60க்குத் தள்ளும்போது, நடுவில் வருகிற இரண்டு வருடத்தில் அந்த உடம்பு என்ன வேலையை எப்படிச் செய்யும் என்றும் யோசித்திருக்க வேண்டும். மாடிப்படி, மேசை, விளக்கு, நைட் டியூட்டி, ஃபீல்டு வேலை, இவற்றில் எது மாறியது? எண் மட்டும்தான் மாறியது.

என் உறவில் ஒருவர் அரசு பஸ் டிரைவர். 58 முடிகிற மாதத்தில் வீட்டில் விருந்துக்குச் சமையல்காரரைப் பேசி வைத்திருந்தார்கள். ஆணை வந்ததும் அட்வான்ஸைத் திரும்ப வாங்கினார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அவர் மட்டும் இடது முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோவை, பொள்ளாச்சி ரூட்டில் கிளட்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்று அந்தக் காலுக்குத்தான் தெரியும். டெப்போவில் லைட் டியூட்டி கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டுமானால் டாக்டர் அவரை ‘அன்ஃபிட்’ என்று எழுத வேண்டும். எழுதினால் ‘என்னைத் தகுதி இல்லாதவன்னு எழுதிட்டாங்க’ என்கிற பெயர் வரும். அவர் எழுத விடவில்லை. வலி மாத்திரையோடு இரண்டு வருடத்தை ஓட்டி முடித்தார்.

இங்கே சட்டத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அரசு வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. சம்பளம் குறையாமல் அவரால் முடிகிற வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு வேலை இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உண்டாக்கியாவது ஓய்வு வயதுவரை வைத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 20ஆம் பிரிவு சொல்வது இதுதான். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. கண் பார்வை குறைந்த, கால் போன பஸ் டிரைவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் ஜெயித்திருக்கிறார்கள். ஆனால், சட்டத்துக்குத் தெரிவது சர்டிபிகேட் உள்ள ஊனம். முழங்கால் தேய்வது, பக்கத்தில் இருக்கும் எழுத்து மங்குவது, இரவு ஷிப்ட் முடிந்தால் அடுத்த நாள் முழுக்க ஆள் எழ முடியாமல் கிடப்பது, இவையெல்லாம் ஊனம் இல்லை; வயது. வயதுக்கு நம் சட்டத்தில் தனி இடம் கிடையாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தைப் புரட்டினால் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கும். மறுகோடியில் இருக்கும் வயதுக்கு அப்படி ஒன்றைக் காணோம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்கின்றன. நல்லதுதான். பரிசோதனையில் கண் சரியில்லை என்று தெரிந்தால் பட்டறையில் விளக்கை யார் மாட்டுவது என்பது அடுத்த கேள்வி.

அதே பழைய சட்டத்தில், வயதைச் சொல்லாமலே வயதானவருக்கு உதவுகிற பிரிவு ஒன்று இருந்தது: 44ஆம் பிரிவு. நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு, இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பது அது. எத்தனை பவுண்டரிகளில் அது நடந்தது என்று கேட்காதீர்கள். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைச் சட்டத்தைத் திருத்தி, துணிக்கடை, நகைக்கடைப் பெண்களுக்கும் உட்காரும் உரிமையைக் கொடுத்தன. உட்காருவதற்கு ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்ட நாட்டில், சைக்கிள் சீட்டை வெல்டிங் அடித்த ஓனரை நான் கொஞ்சம் அதிகமாகப் பாராட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்ததை வெளிநாட்டில் ஒருமுறை பெரிதாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனி தன் ஓய்வு வயதை 65இலிருந்து படிப்படியாக 67 ஆக்க 2007இல் சட்டம் போட்டது. அதே ஆண்டு பவேரியாவில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரிலுள்ள பிஎம்டபிள்யூ ஆலை ஒரு சோதனை நடத்தியது. பத்து வருடம் கழித்துத் தங்கள் ஆட்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஒரு லைனில் 42 பேரை அந்தச் சராசரி வருகிற மாதிரி பொறுக்கிப் போட்டார்கள். ஆட்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. ‘பென்ஷன்காரர் லைன்’ என்று கிண்டல் வேறு. பிறகு அவர்களையே கேட்டார்கள்: எங்கே வலிக்கிறது, எது இருந்தால் சுலபம் என்று. கான்கிரீட் தரைக்கு மேல் மரத்தளம், காலுக்கேற்ற ஷூ, முடிதிருத்தும் கடையில் இருப்பதுபோல ஏறி இறங்கும் நாற்காலி, சின்ன பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி, கம்ப்யூட்டர் திரையில் பெரிய எழுத்து, ஒரே வேலையில் ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்தாமல் மாற்றி மாற்றி விடுவது. இப்படி 70 சின்னச் சின்ன மாற்றங்கள். மொத்தச் செலவு சுமார் 40,000 யூரோ. அன்றைய மதிப்பில் இருபது லட்சத்தைச் சற்றுத் தாண்டும். ஒரே வருடத்தில் உற்பத்தி 7 சதவீதம் ஏறி, இளைஞர்கள் இருந்த லைன்களுக்குச் சமமாக வந்து நின்றது.

மரத்தளம், ஏறி இறங்கும் இருக்கை, கண்ணுக்கு உதவி. கிணத்துக்கடவுச் சந்தில் இருக்கிற மூன்றும் அதேதான். ஓனருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, “அவுங்க எழுபது பண்ணுனாங்களா, நம்ம மூணு பண்ணுனோமுங்க,” என்று சிரித்தார்.

இதை வைத்துச் சின்ன முதலாளி நல்லவர், அரசாங்கம் மோசம் என்று எழுதிவிட்டுப் போனால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அது பொய்யாகவும் இருக்கும்.

பட்டறையில் ஆறு பேர். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 20 பேர் இருக்கும் இடத்தில்தான் தானாகப் பிடிக்கும். இஎஸ்ஐக்கும் கிராஜுவிட்டிக்கும் பத்துப் பேர் வேண்டும். ஆகவே 67 வயதுப் பெரியவருக்குப் பிஎப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போக அட்டை கிடையாது. அவருக்கு ஓய்வு வயது என்று ஒன்று இல்லாததற்குக் காரணம், ஓய்வு என்ற ஒன்றே அவருக்கு இல்லாததுதான். ஒரு நாள் வரவில்லையென்றால் அன்றைய கூலி இல்லை. அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதுவும் கிடைத்தால் உண்டு.

என் உறவினரான டிரைவருக்கு முழங்கால் போனது. ஆனால் மாதக் கடைசியில் பென்ஷன் வருகிறது. பெரியவருக்கு முழங்கால் தப்பியது. மாதக் கடைசி என்பது அவருக்கு வெறும் தேதி. இரண்டு பேரில் யாருடைய நிலை நல்லது என்று கொங்கு நாட்டில் எந்தப் பெண் வீட்டாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அதனால்தான் அந்த இரண்டு வருட நீட்டிப்பை டிரைவர் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார். பாதுகாப்பு இருக்கிற இடத்தில் உடம்பைப் பற்றிப் பேச்சில்லை. உடம்பைப் பார்த்து வேலையைத் திருத்துகிற இடத்திலோ பாதுகாப்பு இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஒத்தக்கால்மண்டபத்திலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் ரோட்டின் இருபுறமும் பவுண்டரி, பம்பு, மோட்டார், நார் மில் என்று நிறைய. அங்கே 58இல் முறைப்படி ரிடையர்மென்ட், மாலை, வாட்ச், செட்டில்மென்ட் எல்லாம் உண்டு. பிஎப்போடு சேர்ந்து வரும் இபிஎஸ் பென்ஷனும் உண்டு. அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் சாதாரணமாகக் கணக்கில் எடுப்பது 15,000 ரூபாய் வரைதான். அதை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். முப்பது வருடம் உழைத்து, சலுகையாகச் சேர்க்கிற இரண்டு வருடத்தையும் கூட்டினால்கூட மாதம் 7,000 ரூபாயைத் தொடாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய், 2014இல் வைத்தது. இதை வைத்துக் குடும்பம் ஓடாது என்பது கம்பெனிக்கும் தெரியும், ஆளுக்கும் தெரியும். ஆகவே வாட்ச் வாங்கியவர்களில் பலர் அடுத்த மாதமே அதே கேட்டில் நுழைகிறார்கள். இந்த முறை காண்ட்ராக்ட். அதே மெஷின், அதே ஷிப்ட், சம்பளம் மட்டும் குறைவு.

ஜப்பானில் இதையே சட்டமாக வைத்திருக்கிறார்கள். அங்கே 60க்குக் கீழே ஓய்வு வயது வைக்கக் கூடாது. வேலை பார்க்க விரும்புகிறவர்களை 65 வரைக்கும் எப்படியாவது வைத்துக்கொள்ள வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து 70 வரைக்கும் முயற்சி செய்ய வேண்டும் என்கிறார்கள். பெரும்பாலான கம்பெனிகள் எடுத்த வழி நம் ஊர் வழிதான்: 60இல் ஓய்வு கொடுத்து, ஒவ்வொரு வருட ஒப்பந்தமாகக் குறைந்த சம்பளத்துக்குத் திரும்ப எடுப்பது. நாகசாவா என்ற போக்குவரத்து நிறுவனத்தின் லாரி டிரைவர்கள், ஓட்டுவது அதே லாரி, சம்பளம் மட்டும் ஏன் இறங்கியது என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018 ஜூன் 1 அன்று வந்த தீர்ப்பு பெருமளவில் கம்பெனி பக்கம். சில படிகளில் மட்டும் டிரைவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. சம்பளம் ரொம்ப இறங்கினால் அங்கே வேலை இன்சூரன்ஸ் நிதியிலிருந்து ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதையும் இப்போது குறைத்துக்கொண்டு வருகிறார்கள். நம் ஊர் காண்ட்ராக்ட் பெரியவருக்கு அந்தப் பங்கும் இல்லை, போய் நிற்க உச்ச நீதிமன்றமும் இல்லை. கேட்டால், “நம்பிக் கூப்டறாங்கல்லங்க,” என்பார்.

கொங்கு நாட்டு ஸ்பின்னிங் மில்களில் பல வேறு வழியில் போயின. அதையும் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு முழுதாகாது. வயதாகிறவரைச் சமாளிப்பதற்குப் பதிலாக, தங்களிடம் யாருக்கும் வயதாகாதபடி பார்த்துக்கொண்டார்கள். தென் மாவட்டங்களிலிருந்து கல்யாணமாகாத பெண்களைக் கூட்டி வந்து, ஹாஸ்டலில் தங்க வைத்து, மூன்று வருடம் முடிந்தால் ஒரு தொகை என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். அதன்பிறகு வடமாநிலத்துப் பையன்கள். ஓய்வு வயது எவ்வளவு ஏறினாலும் இந்த வகை முதலாளியைத் தொடவே தொடாது.

எதிர்ப் பக்கம் கேரளம். கிணத்துக்கடவிலிருந்து வேலந்தாவளம் ரோட்டைப் பிடித்தால் சற்று நேரத்தில் எல்லை வந்துவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் 60. அந்தப் பக்கம் பழைய பென்ஷனில் இருக்கும் அரசு ஊழியருக்கு 56. 2021ஆம் ஆண்டுக் கணிப்புப்படி மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் கேரளத்தில் 16.5 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6. கிழடு கூடிய மாநிலம் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறது! 2022 அக்டோபர் கடைசியில் பொதுத்துறை நிறுவனங்களில் மட்டும் 60 ஆக்கி ஆணை போட்டார்கள். இளைஞர் அமைப்புகள் தெருவில் இறங்கியதும் நவம்பர் 2 அன்றே நிறுத்தி வைத்தார்கள். அங்கேயும் சண்டை எண்ணைப் பற்றித்தான். மேசையைப் பற்றி அங்கேயும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வயதுக்கேற்ப வேலையை இறக்கிக் கொடுக்கும் பழக்கம் இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. தென்னந்தோப்புகளில் பார்க்கலாம். இளவயதில் மரம் ஏறுகிறவர் இடுப்பு பிடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் குட்டை மரங்களுக்குத் துரட்டியோடு போவார். கை தளர்ந்தால் பாரையில் மட்டை உரிப்பார். அதுவும் முடியாதபோது காய் எண்ணுகிற இடத்தில் உட்காருவார். லோடுக்கு எத்தனை காய், அதில் எத்தனை ஒல்லி என்று அவர் சொல்வதுதான் கணக்கு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் கூலி குறையும். ஆனால் தோப்பை விட்டுப் போ என்று யாரும் சொல்வதில்லை. இது எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு. தோட்டத்துக்காரர் மாறினால் ஏற்பாடும் மாறும். மகன் காலத்தில் எண்ணுகிற வேலைக்கு ஆள் வேண்டாம் என்று ஆகிவிட்டால் கேட்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

கடைசியாகக் கண்ணைப் பற்றி. 60 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். 40 தாண்டினால் பக்கத்தில் இருப்பது மங்கும். இதைச் சரிசெய்தால் வேலையில் என்ன மாறும் என்று 2017இல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. வெள்ளெழுத்து வந்த, 40 வயதைக் கடந்த 751 பேரை எடுத்து, ஒரு பாதிப் பேருக்கு மட்டும் உடனே கண்ணாடி கொடுத்தார்கள். விலை மலிவான சாதாரணக் கண்ணாடி. கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்களைவிட நாளைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள், உற்பத்தியில் 21.7 சதவீத ஏற்றம். வால்பாறை எஸ்டேட்களுக்கும் இது பொருந்தும். பவுண்டரியில் கோர் வைக்கிறவருக்கும், வெர்னியர் படிக்கிறவருக்கும்.

இதைச் சொல்லத்தான் மறுபடி பட்டறைக்குப் போனேன். பெரியவர் ஷாஃப்டை நிறுத்திவிட்டு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி. ஒரு பக்கக் காது உடைந்து செம்புக் கம்பி சுற்றியிருந்தது. எங்கே வாங்கினது என்று கேட்டேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில், நூற்றைம்பது ரூபாய், போட்டுப் பார்த்துப் பொருந்தினதை எடுத்தது என்றார். டாக்டரிடம் காட்டியதில்லை.

ஓனர் பக்கத்தில்தான் நின்றார். விளக்கு அவர் வாங்கிப் போட்டது. ஸ்டூல் அவர் வெல்டிங் அடித்தது. பலகையும் அவருடையது. சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் மூன்றும் பட்டறைக்குள்ளேயே இருக்கும். கண்ணாடி மட்டும்தான் பெரியவரோடு வீட்டுக்குப் போகும். “அட, அண்ணன் சொல்லவே இல்லீங்களே,” என்றார் ஓனர். பெரியவர் சக்கைத் திரும்பவும் ஓட விட்டார்.